மல்லிகா அக்கா கேட்ட கேள்வி

காரைக்குடியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் மல்லிகா அக்கா எங்கள் பக்கத்து வீடு. சிங்கப்பூரிலிருந்த கணவரிடமிருந்து தீபாவளிக்குப் பின் அழைப்பே இல்லை. பொங்கலும் கடந்தபின், அவருடைய நிறுவனத்தில் விசாரிக்க என்னிடம் ஆங்கிலம் கற்க வந்தார்.

"நானே பேசட்டுமா, அக்கா?"

"நீ பேசுனா யாரோன்னு போன வச்சுருவாக. பொண்டாட்டி நாந்தேன் கேக்கணும்."

'ஹி ஹேஸ் நாட் கால்டு சின்ஸ் தீபாவளி' என்பதை அடுப்படியிலும் சொல்லிப் பார்த்தார். 'ஆல்ரெடி', 'யெட்' போன்ற காலச் சொற்களையும் பொருளோடு கற்பித்தேன். "வெள்ளைக்காரியே தோத்தா போ!" என்று சிரித்தார்.

மாசியில் ஒரு காலை, ஸ்பீக்கரைப் போட்டு நிறுவனத்துக்கு அழைத்தார். பிழையின்றிக் கேட்டார். மறுமுனையில் ஒரு பெண், "ஹி ஹேஸ் ஆல்ரெடி கான் பேக் டு இந்தியா" என்றாள். நவம்பரிலேயே என்றும் சொன்னாள்.

அழைப்பு முடிந்தது. எப்படிச் சொல்வதென்று நான் சொற்களைத் தேடினேன்.

"விடு தங்கச்சி, புரிஞ்சுருச்சு. ஊருக்கு வந்துட்டாக. இங்குட்டுத்தேன் வரல."

அவருக்கு ஆங்கிலம் தெரியாதிருந்தால், அந்தச் செய்தியைச் சற்று மென்மையாக்கிச் சொல்லியிருப்பேன். அதற்கு இடமில்லாதபடி நானே கற்பித்திருந்தேன்.