செல்வி கிள்ளிய சாமந்தி

என் கணவர் இறந்த வருடம், அவருக்குப் பிடித்த வெள்ளைச் சாமந்தியை நானே வளர்த்து, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று அவர் கல்லறையில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரே ஒரு தொட்டி வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றும்போது, அவரிடம் பேசுவதுபோல அந்தச் செடியிடம் பேசுவேன்.

ஆகஸ்டில் ஒரு காலை, செடியின் நுனிக் கொழுந்துகள் எல்லாம் கிள்ளப்பட்டிருந்தன. மாடி பெருக்கும் செல்வியின் கையில்தான் அவை இருந்தன.

"உனக்கு மனசாட்சியே இல்லையா?" என்று கத்தினேன்.

அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் காது கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் எங்கள் கட்டடத்துக்கு வேலைக்கு வரவில்லை.

கிள்ளிய இடங்களிலெல்லாம் இரண்டு மூன்று கிளைகள் துளிர்த்தன. அக்டோபர் தொடக்கத்தில் இலை தெரியாத அளவுக்கு மொட்டுகள். பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

விசாரித்துக்கொண்டு ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போனேன். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த செல்வி, என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன் செல்வி, மன்னிச்சிடு."

"இன்னாம்மா நீ, அதுக்குப் போய் இவ்ளோ தூரம் வந்துகினு... தெனமும் அந்தச் செடியாண்ட நின்னு ஐயாகிட்ட பேசுவியே. கொழுந்தைக் கிள்ளுனாதான் நெறைய பூக்கும். ஐயாவுக்கு நெறைய வைக்கட்டுமேன்னுதான் கிள்ளுனேன்."

அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, பூ வைக்க அவளும் கூட வர வேண்டும் என்று கேட்டேன்.

கல்லறைத் திருநாளன்று இருவரும் சேர்ந்துதான் பூ வைத்தோம். இவ்வளவு அன்பான ஒரு பதிலையா அன்று கேட்க மறுத்தேன் என்று நினைத்தால், இன்றும் மனம் கனத்துப்போகிறது.