எச்சில் வெந்நீர்

சங்கரன்கோவிலில், தறிக்குப் போகும் நூலுக்குக் கஞ்சி போட்டு உலர்த்தும் பட்டறை ஒன்றில் அப்பா பாய்லருக்கு விறகு தள்ளுகிறார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இஞ்சினியரிங் முடித்து, அதே பட்டறைக்கு சூப்பர்வைசராக வந்து சேர்ந்தேன்.

முதல் நாளே எனக்கு அருவருப்பாகப் பட்டது பட்டறைச் சாக்கடைதான். நூலை உலர்த்தும் டிரம்களுக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகிறது. அந்தக் கொதிநீர் சாக்கடையில் விழுந்து, புளித்த கஞ்சியோடு சேர்ந்து நாறிக்கொண்டு ஓடுகிறது. ஐந்தடி தள்ளி, பாய்லர் தொட்டியில் பச்சைத் தண்ணீர் விழுகிறது. அதைக் கொதிக்கவைக்க அப்பா உடைமரக் கட்டைகளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். வலது தோள் போய்விட்டது; இடது கையால்தான் தள்ளுகிறார்.

நெருப்பிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்கலாம், அதில் எவ்வளவு வாங்காமலே வீணாகிறது என்று பரீட்சையில் கணக்குப் போட்டிருக்கிறேன். சுற்றுப்புற வெப்பநிலையைக் கேள்வியிலேயே கொடுத்திருப்பார்கள். கணக்கில் வந்ததை அந்த எண்ணால் பெருக்கினால் வீணான வேலை வந்துவிடும். முழு மார்க். அந்தச் சுற்றுப்புறத்தில் ஓர் ஆள் நிற்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டிரம் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பினால் விறகு குறையும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"எச்சித் தண்ணியவால? வெள்ளிக்கெழம சூடம் காட்டுத பாய்லரு அது."

"அது சுத்தமான தண்ணி அண்ணாச்சி. ஆவியா போனதுதான் திரும்பி வருது."

"அப்போ நீ தின்ன எலையில நான் திங்கலாமோ? படிச்சவன் பேசுத பேச்சப் பாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அந்த வாரம் முதலாளி திருவேங்கடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, டிரம்மிலிருந்து தொட்டிக்கு ஒரு ஹோஸை மாட்டிவிட்டேன். சிறிது நேரத்தில் அப்பா பிரஷர் மீட்டரை அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே மக்கா, முள்ளு எறங்கவே மாட்டங்கு!"

விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து டீயை முழுசாகக் குடித்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் முதலாளி உள்ளே வந்தார்.

"எவம்ல இத மாட்டுனது?"

நான் குனிந்து ஷிப்ட் நோட்டைப் புரட்டினேன்.

"நான்தான் மொதலாளி. தெரியாம செஞ்சிட்டேன்" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே வெறுங்கையால் ஹோஸைப் பிடுங்கினார். இடது உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அந்தக் கையோடு தொட்டியைக் கழுவினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். சூடம் காட்டினார்கள். நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அன்றைய ஷிப்ட் நோட்டில் 'எல்லாம் சரி' என்று எழுதியதும் நான்தான். முதலாளியைவிட அந்த எழுத்தின்மேல்தான் எனக்கு இன்னும் அருவருப்பு.

மறுநாள் இடது கையில் துணிச்சுற்று. தூக்க முடியாத அந்த வலது தோளால் கட்டையைத் தள்ளினார் அப்பா. சாக்கடையில் ஆவி பறந்தது. முள் இறங்கினால் விறகு தள்ளச் சொல்லி அவருக்குக் குரல் கொடுப்பது சூப்பர்வைசரின் வேலை. இறங்கியது. கொடுத்தேன்.