டாம்சின் சாத்திய கதவு

டாம்சின் ஆங்கோவ் லண்டன் நாடாளுமன்றத்தில் கதவு சாத்துகிறவள். கேலிக்குச் சொல்லவில்லை; கறுப்பு வால்கோட்டை மாட்டிக்கொண்டு பல வருடமாக அதைத்தான் செய்கிறாள். வாக்கெடுப்பு மணி அடித்தால் எட்டு நிமிடத்துக்குள் உறுப்பினர்கள் ஓடிவந்து வாக்குக்கூடத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். கதவைப் பூட்டச் சொல்லி அவைத்தலைவரின் உத்தரவு வந்துவிட்டால், அப்புறம் பிரதமரே வந்தாலும் வெளியேதான்.

அன்றைய வாக்கெடுப்பு அவள் வீட்டு விவகாரம். கார்ன்வாலில் அவள் அண்ணன் ஜேகோ சிப்பி வளர்க்கிறான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு விலகியதிலிருந்து அவன் சிப்பி உயிரோடு பிரான்சுக்குப் போக முடியவில்லை. அது வளரும் தண்ணீர் போதிய சுத்தமில்லை என்கிறது அக்கரை விதி. ஐரோப்பாவோடு பேசி இதைச் சரிசெய்தே தீர வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தும் திருத்தம்தான் அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்றால் படகை விற்றுவிடுவதாக ஜேகோ காலையில்தான் சொல்லியிருந்தான். விலக வேண்டும் என்று ஓட்டுப் போட்ட மகராசனும் அவனேதான். அதைச் சொல்லிக்காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

மணி ஓய்ந்தது. நடையின் கோடியில் ரோஸ்வார்ன் வந்துகொண்டிருந்தார். ஜேகோவின் தொகுதி உறுப்பினர், திருத்தத்தின் பக்கம் நிற்பவர். இடுப்பில் அறுவை முடிந்த மனிதர், தன் வாக்கை வேறொருவர் போட ஏற்பாடு செய்திருக்கலாம். நானே போய்ப் போடுவேன் என்று வீம்பு. ஊன்றுகோல் கல்தரையில் வழுக்கியது.

பூட்டும்படி உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டாம்சின், ரெண்டே எட்டும்மா. கொஞ்சம் புடிச்சுக்க."

"உத்தரவு வந்துருச்சுய்யா."

"யாரு பாக்கப்போறா? ஒங்கண்ணனுக்காகத்தாம்மா ஓடியாறேன்."

உண்மைதான், யாரும் பார்க்கவில்லை. அவள் கை கதவிலேயே நின்றது. இதே கதவை எத்தனையோ பேர் முகத்தில் சாத்தியிருக்கிறாள். திட்டியவர்கள் உண்டு, ஒருவர் அழுதேவிட்டார். அவர்களை நம்பியும் ஊரில் ஒரு ஜேகோ இருந்திருப்பானே என்று நினைத்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

வாக்குகள் சரிபாதியாக வந்தன. சமமானால் அவைத்தலைவர் உள்ளதை உள்ளபடி விடும் பக்கம்தான் வாக்களிப்பார். அங்கே அதுதான் வழக்கம். திருத்தம் தோற்றது.

டாம்சின் கோட்டைக் கழற்றுவதற்குள் ஜேகோ கூப்பிட்டுவிட்டான்.

"ஒரே ஒரு ஓட்டு, டாம்சின். நம்மாளு வாசல் வரைக்கும் வந்துட்டாராமே, டிவில சொன்னான். எந்தப் புண்ணியவான் கதவச் சாத்துனது?"

"நான்தாண்ணே."

அவன் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"சரி. படகு போவுதுன்னு அம்மாகிட்ட நீயே சொல்லிரு," என்று சொல்லி வைத்துவிட்டான்.