நான் துடைத்த சீட்டு

பண்ணை வீட்டுக் காரின் தோல் சீட்டைத் துடைக்கும் வேலை என் கைத்திறமையைப் பார்த்து எனக்கு வரவில்லை. வேறு யாரும் செய்ய மாட்டேன் என்றதால் வந்தது. டிரைவர் அதில் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டினார். தேய்க்க மட்டும் மாட்டார். "தோலு வேலை. அவனுவ தெருவுலேருந்து ஒருத்தனக் கூப்பிடுங்க" என்று பண்ணைக்கார ஐயாவிடம் சொன்னதே அவர்தான். ஊரில் மாடு செத்தால் இழுத்துப்போய் உரிப்பவர்கள் எங்கள் தெரு ஆட்கள். அந்த வழக்கத்தில் காருக்குள் இருந்த தோலும் எங்கள் தலையில் விழுந்தது. ஐயா அதன்மேல் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து கோயிலுக்குப் போய் வருவார். அவருக்கு ஒரு தீட்டும் ஒட்டவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. வெயிலில் நாற்றுக்கட்டு சுமப்பதைவிட கார் ஷெட்டு நிழல் மேல் என்று போய்விட்டேன்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். துணியை நனைத்துச் சொட்டு இல்லாமல் பிழிய வேண்டும். தோலில் தண்ணீர் நின்றால் வட்டமாகக் கறை விழும், காய்ந்த பிறகு என்ன செய்தாலும் போகாது. தையல் இடுக்கில் அறுப்புக் காலத்துத் தூசி ஏறிக்கொள்ளும். ஈர்க்குச்சியில் துணி சுற்றி எடுப்பேன். முதலில் தேங்காய் எண்ணெய் போட்டேன். ஐப்பசி மழையில் சீட்டெல்லாம் பூஞ்சை பூத்து நாறியது, ஐயா என் முகத்தில் துணியை வீசினார். பிறகு விளக்கெண்ணெய்க்கு மாறினேன். நாலு சொட்டு உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, தோலில் தடவி, விரலில் பிசுக்கு ஒட்டாமல் போகும்வரை துடைப்பேன். முட்டி போட்டு அந்தச் சீட்டின் மேல் எத்தனையோ நாள் ஏறியிருக்கிறேன். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

ஆட்சி மாறியது. எங்கள் தெருவில் விவசாயச் சங்கக் கொடி ஏறியது. பண்ணைக்காரரை 'ஆண்டே' என்று கூப்பிடுவதை விட்டு 'ஐயா' என்று ஆரம்பித்தோம். குடிசை இருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டமும் வந்தது. தெரு முழுக்கப் பண்ணை நிலம். அளக்க ஆள் வருவதற்குள் குடிசைகளைப் பிரித்துவிட ஐயா ஆள் சேர்த்தார். நாங்கள் மறித்தோம். தாசில்தார் இரண்டு தரப்பையும் நன்னிலம் தாலுகா ஆபீசுக்கு வரச் சொன்னார்.

எங்கள் தரப்பில் பேச என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். "பெரிய வீட்டுல பொழங்குறவன், பயப்படாம பேசுவான்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அன்று விடியும்போதே தெருச் சனம் நடந்து கிளம்பிவிட்டது. காரை வெளியே எடுக்கும் முன் துடைத்துக் கொடுக்கச் சொல்லி எனக்கு ஆள் வந்தது. துடைத்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் என் வேட்டி நனைந்துவிட்டது.

"நீயும் அங்கதானே வர்ற? ஏறு" என்றார் ஐயா. அவர் முன்னால் ஏறினார். டிரைவர் பின்சீட்டில் ஒரு சாக்கை விரித்தார்.

"சாக்க எடுங்க" என்றேன்.

"ஈர வேட்டிடா. சீட்டு என்னத்துக்காவும்?" என்றார் டிரைவர்.

"அந்தச் சீட்டு என்னத்துக்காவும்னு எனக்குத் தெரியும். எடுங்க."

ஐயா சிரித்தார். "எடுத்துருடா. தலைவரு உக்காரட்டும்."

வெறும் தோலில் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டது போல இருந்தது. குடவாசல் தாண்டும்வரை முதுகைச் சாய்க்கவில்லை. பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். யார் எந்தக் காலத்திலிருந்து குடியிருக்கிறார்கள், யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள், எல்லாம் வாய்க்குள் தயாராக இருந்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில் கொடியோடு எங்கள் சனம் நனைந்துகொண்டு நின்றது. கார் நின்றது. இறங்கினேன். இறங்கித் திரும்பியபோது சீட்டில் என் வேட்டி ஈரம் தெரிந்தது. அகலமாக, கருப்பாக. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஊறிவிட்டால் கறை. தோள் துண்டை எடுத்தேன், குனிந்தேன், துடைக்க ஆரம்பித்தேன். தையல் பக்கம்கூட விரலை விட்டுத் துடைத்தேன்.

"அதெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம் வாடா, நேரமாச்சு" என்றார் ஐயா. சத்தமாகத்தான் சொன்னார்.

நிமிர்ந்தேன். தெருச் சனம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மைத்துனன்தான் வாயைத் திறந்தான். "ஏன் மச்சான், பேச வந்தியளா, தொடைக்க வந்தியளா?" சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உள்ளே தாசில்தார் "யார் பேசுறது?" என்று கேட்டார். எழுந்து நின்றேன். கையில் ஈரத் துண்டு. மறுபடி கேட்டார். ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நம்ம வீட்டு ஆளுதான் சார். தங்கமானவன். கேட்டா ஒண்ணும் கொறையில்லம்பான்" என்றார்.

அப்போது எங்கள் பின்னாலிருந்து நடவுக்குப் போகும் அக்கா ஒருவர் முன்னால் வந்தார். எங்கள் வீட்டுக்கு அடுத்த குடிசை அவருடையது.

"அவரு உக்காரட்டும், நான் சொல்றேங்க. எங்க குடிசையைப் பிரிக்கிறதுன்னா எங்களப் பிரிச்சுட்டுத்தான் பிரிக்கணும். சட்டத்துல என்ன எழுதியிருக்கோ அதப் படிச்சிக் காட்டுங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாது, கேக்கத் தெரியும்."

தாசில்தார் படித்தார். அளந்து முடியும்வரை ஒரு கீற்றைக்கூடத் தொடக் கூடாது என்றார். குடியிருப்பவர்கள் யார் யார் என்று கேட்டுப் பட்டியல் எழுதும்போது ஐயா குறுக்கே வந்தார். "இவனச் சேக்க வேணாம் சார். எங்கிட்ட இருக்கறவன். இவனுக்கு நான் பாத்துக்கிறேன்."

அதற்கும் எனக்குப் பேச்சு வரவில்லை. இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். என் மனை, என் பெண்டாட்டி பிள்ளைகள் படுக்கிற மண். அந்த மனுசன் என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வந்த கோபம் எல்லாம் என் கால் கட்டைவிரலில் நின்றது, தரையை அழுத்திக்கொண்டு.

அக்காதான் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் கனிவு எதுவும் இல்லை. வேலை முடியாமல் கிடக்கும் வயலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அவரு குடிசையும் எங்க தெருவுலதாங்க இருக்கு. அவருக்கும் சேத்து எழுதுங்க."

எழுதினார்கள்.