தன்ஷிகா அழுத்திய பிஸ்கட்

வசந்தகுமார் சார்ஜாவிலிருந்து ஊர் திரும்பி ஒன்பது நாளாகியும் மகள் அவனிடம் வரவில்லை. கடைசி லீவு முடிந்து அவன் விமானம் ஏறியபோது அவள் அம்மா வயிற்றில் மூன்று மாதக் கரு. இப்போது தன்ஷிகாவுக்கு இரண்டே கால் வயது. அவளைப் பொறுத்தவரை அய்யா என்கிற அப்பா போனுக்குள் இருப்பவர். வெள்ளிக்கிழமை பேசுவார், முத்தம் கொடுப்பார், அணைந்துபோவார். வீட்டுக்குள் நடமாடும் இந்த மீசைக்காரர் கை நீட்டினால் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொள்வாள்.

முதுகுளத்தூர்ப் பக்கம் மழையை நம்பிய இரண்டு ஏக்கர் மிளகாய்க் காடு அவர்களுடையது. மழை பொய்த்த ஒரு வருஷத்தில்தான் அவன் வெளிநாடு போனான். அங்கே பேக்கரியில் அடுப்பு வாயிலில் ஏழு வருஷம் நின்றான். பிசைவதும் வெட்டுவதும் மெஷின். தட்டை உள்ளே தள்ளி வெளியே இழுப்பது மட்டும் அவன். நாளைக்கு ஆயிரக்கணக்கில் பிஸ்கட் கண்முன்னால் போகும். பேக்கரி கைமாறியதும் ஆள் குறைத்தார்கள். வந்துவிட்டான்.

பத்தாம் நாள் காலையில் அவன் மனைவி மாரிச்செல்வி மிளகாய்ப் பழம் எடுக்கக் காட்டுக்குக் கிளம்பினாள். பிள்ளையை வைத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

"நீங்களே பாத்துக்கங்க. மத்தியானம் வந்துருவேன். அழுதா டப்பால பிஸ்கட் இருக்கு" என்றாள்.

அம்மா தெரு திரும்பியதும் அழுகை ஆரம்பித்தது. டப்பாவைத் திறந்தால் வெறும் தூள்.

"அழுவாத தாயி. நம்மளே சுடுவம்."

மாவு, பொடித்த சீனி, நெய், ஏலக்காய் எல்லாம் தேடி எடுத்துத் தரையில் பரப்பினான். அழுகை பாதியில் நின்றது. தாம்பாளத்தில் அவன் கொட்டிய மாவில் தன்ஷிகா ஒரு கையை வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கை. பிறகு உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி வெளியே வைத்து மீதி மாவைப் பிசைவதற்குள், ஒரு பிடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, அங்கே கட்டியிருந்த ஆட்டுக்குட்டிக்கு ஊட்டினாள். அடுத்த பிடிக்கு வந்து நின்றாள். மூன்றாவது முறை அவன் பொறுமையிழந்து, பேக்கரி அடுப்படியில் ஆட்களை அதட்டிய குரலில் கத்திவிட்டான்.

"ஏய், வைய்யி கீழ!"

தன்ஷிகா உதடு பிதுங்க, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வசந்தகுமாருக்குத் தன் குரலே அசிங்கமாக இருந்தது. கூப்பிட்டால் வரமாட்டாள் என்று தெரியும். மாவைப் பன்னிரண்டு உருண்டையாக உருட்டித் தட்டில் வைத்து, தட்டைக் கதவடிக்கு நகர்த்தினான்.

"இதெ அமுக்கணும். எனக்குத் தெரியல, நீ அமுக்குறியா?"

கதவிடுக்கிலிருந்து ஒரு விரல் வந்தது. அமுக்கியது. உருண்டை தட்டோடு அப்பிக்கொண்டது.

"அப்படித்தான். இன்னொன்னு?"

பன்னிரண்டையும் அமுக்கி முடித்தபோது அவள் முழுதாக வெளியே வந்திருந்தாள்.

பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடுப்பில் சூடேற்றித் தட்டை உள்ளே இறக்கினான். "வெந்துச்சா?" என்றாள் உடனே. தண்ணீர் குடித்துவிட்டு வந்து "வெந்துச்சா?" என்றாள். ஆட்டுக்குட்டியிடம் போய்த் திரும்பி மறுபடியும் கேட்டாள். சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுவாளோ என்று அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். பயத்தில் செய்ததுதான், செய்த பிறகுதான் கவனித்தான், அவள் திமிறவில்லை. மாவுக் கையால் அவன் மீசையைப் பிடித்தபடி குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலித்தும் அவன் தோள் மாற்றவில்லை.

தட்டை வெளியே எடுத்தபோது பிஸ்கட் பாதி கருகியிருந்தது. எதுவும் வட்டமாக இல்லை. ஆறியதும் அவள் இரண்டு தின்றாள், ஒன்றைக் கடித்து அவன் வாயில் திணித்தாள். ஏழு வருஷத்தில் அவன் ருசி பார்த்துத் தின்ற முதல் பிஸ்கட் அது.

மத்தியானம் மாரிச்செல்வி வந்தபோது பிள்ளை அவன் மடியில் இருந்தது.

"யார் மடிடி அது?"

"பிச்கட்டு மாமா!"

மாரிச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "மாமாவா! அய்யா சொல்லுடி."

"விடு, சொல்லிட்டுப் போறா" என்றான் வசந்தகுமார்.

அம்மாவிடம் போகத் தாவினாள் பிள்ளை. மிளகாய் எடுத்த கை பட்டால் எரியும் என்று மாரிச்செல்வி பின்வாங்கினாள். "தலையெல்லாம் மாவு, நீங்களே குளிப்பாட்டி விடுங்க."

முதன்முதலாக மகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். அவள் ஒரு சொம்புக்கும் அசையாமல் நிற்கவில்லை. வாளியைக் கவிழ்த்தாள், அவனையும் நனைத்தாள். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்தார்கள்.