உஸ்தாதின் வாயில் அப்பாவின் குரல்

அப்பாவைத் தகனம் செய்த மறுநாள், துக்கம் கேட்க வந்த நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் பழைய கஸல் கச்சேரி ஒன்றைப் போட்டார். பாடுபவர் லாகூரைச் சேர்ந்த உஸ்தாத். அவருக்குப் பின்னால் இருட்டில் தம்புரா மீட்டும் கை அப்பாவுடையது, முகம் தெரியாது. பாட்டு உச்சிக்கு ஏறியபோது, உள்ளறையில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்க, இதோ வந்துட்டனுங்க" என்று பதில் சொன்னார்.

திரையில் வாயைத் திறந்திருந்தவர் உஸ்தாத். அம்மா யாருக்குப் பதில் சொன்னார்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனியாகப் பாடிய ஒரு பதிவுகூட விட்டுச் செல்லாத அப்பாவின் குரல் இதற்குள்தான் இருக்கிறது. தேடி எடுத்துவிடலாம்!

அப்பா கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மழை பொய்த்த காலத்தில் துபாய் சென்று, ஒரு ஹோட்டலில் மைக் செட் பார்த்துக்கொண்டார். அங்கே வாராவாரம் பாடியவர் உஸ்தாத். தந்தையிடம் ராகம் பயின்று, லாகூர்த் திருமண வீடுகளில் பாடத் தொடங்கி, வளைகுடா மேடைகள் வரை வந்தவர். உருது தெரியாத அப்பா வயர் சுற்றிக்கொண்டே முணுமுணுத்ததைக் கேட்டவர், தம்புராவைக் கொடுத்துத் தமக்குப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டார்.

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபின் உஸ்தாதால் மேல் ஸ்தாயியைத் தொட முடியவில்லை. கீழே அவர் பாடுவார். உச்சி நெருங்கியதும் மெல்ல இருமுவார், அதுதான் சைகை. பின்னாலிருந்து அப்பா எடுத்துக்கொள்வார், உஸ்தாத் வாயை மட்டும் அசைப்பார். பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெயரையாவது போடச் சொல்லக் கூடாதா என்று நான் சண்டை பிடித்தால், "பின்னால உக்காந்தவனுக்கு எதுக்கு கண்ணு பேரு?" என்பார்.

உஸ்தாத் காலமான பிறகு அப்பா ஊர் திரும்பினார். தினமும் காலையில் தம்புராவோடு உட்காருவார். எதிரே ஒரு காலிப் பாய். பாடமாட்டார், காத்திருப்பார். ஒருநாள் மாமா, "ஏனுங் மாப்ள, முன்னால உக்காந்திருக்கறவருக்கும் ஒரு டீ போடச் சொல்லட்டுங்களா?" என்று சீண்டினார்.

அப்பா சிரிக்கவில்லை. "அவரு டீ குடிக்க மாட்டாருங்க மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பாயை யாரும் மிதிக்கவில்லை.

பாலக்காட்டு மருத்துவமனையில், கடைசி நாள் நண்பகல். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மெல்ல இருமினார்கள். அப்பா கண்ணைத் திறக்காமலே, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, உச்சி வரியை எடுத்தார். துளிகூடப் பிசிறவில்லை. போன் என் கையில்தான் இருந்தது. பதிவு செய்யத் தோன்றவில்லை. வரி முடிந்தது, சற்றைக்கெல்லாம் மூச்சும் அடங்கியது.

இருமியவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அவர் யார் என்று செவிலியரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆ பெட்டில் ஆருமில்லல்லோ மோளே!" திரையை விலக்கிக் காட்டினார். விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது.

அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் செவிலியருக்கும், அப்பாவைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், கொல்லங்கோட்டிலிருந்து ஓடிவந்த பங்காளிகளுக்கும், இந்த ஓராண்டும் அம்மாவைத் தனியே விடாத மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தேடலை நான் விடவில்லை. குரல்களைப் பிரிக்கும் செயலிகளில் அந்தக் கச்சேரியைப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஆள் பாடுவதாகவே எல்லாம் காட்டுகின்றன. பிறகு லாகூரில் உஸ்தாதின் மகள் நஸ்ரீனைக் கண்டுபிடித்து, என் அரைகுறை இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். ஆனால், தம் தந்தையின் குரல் எதுவரை என்று தமக்கும் தெரிய வேண்டும் என்றார்.

வரும் ஞாயிறன்று வீடியோ அழைப்பில் இருவரும் சேர்ந்து கேட்கப்போகிறோம். தம் தந்தையின் குரல் கேட்கும் இடத்தில் அவர் கை தூக்குவார்; என் அப்பாவின் குரலுக்கு நான். ஒரே இடத்தில் இரண்டு கைகளும் உயர்ந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் இருவருமே இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.