ஐந்து பேரில் ஒரு தமிழ் இடம்

எங்கள் டீம் ஜெயித்து நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் ஆடினேன். பாஸ்கெட்பால், பெண்கள் டீம். அந்தமானில், போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் ஒரு சிமெண்ட் கிரவுண்டு. மழை பெய்தால் ஒரு பக்க வளையத்துக்குக் கீழே தண்ணீர் நிற்கும். வெளியிலிருந்து வருகிற டீம் அதைப் பார்த்துச் சிரிக்கும். பிறகு நாங்கள் ஆடுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரிக்கும்.

ஏன் தோற்றீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மழை என்றார்கள். ரெஃப்ரி என்றார்கள். மெயின்லேண்ட் பெண்கள் முட்டை தின்கிறார்கள் என்றார்கள். நாங்களும் முட்டை தின்றோம். காரணம் கமிட்டி.

கமிட்டியில் ஐந்து பேர். பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ஜார்க்கண்ட் பக்கத்து ராஞ்சி, தமிழ். ஒவ்வொரு சமாஜுக்கும், அதாவது ஊர்க்காரர்கள் சங்கத்துக்கும், ஒரு ஆள். ஒருத்தர் ஜெர்சி வாங்கித் தந்தார், ஒருத்தர் பந்து, ஒருத்தர் ஷூ. பாஸ்கெட்பாலில் உள்ளே ஐந்து பேர்தான் ஆட முடியும் என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். சாமியே கணக்குப் போட்டு அனுப்பிய ஆட்டம் மாதிரி. சமாஜுக்கு ஒரு பெண். ஒருத்தி வெளியே வந்தால் அதே சமாஜ் பெண்தான் உள்ளே போக வேண்டும். பந்து போடத் தெரியுமா என்பது அடுத்த விஷயம். அடுத்த விஷயத்துக்கு அவர்கள் வந்ததே இல்லை.

லோக்கல்காரர்கள், அதாவது கைதிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், எங்களுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று ஆறாவதாக வந்து கேட்டார்கள். அவர்களுக்கு ஸ்கோர் போர்டைக் கொடுத்தார்கள்.

கிரவுண்டு சுவரில் ஒரு பேனர் தொங்கியது. 'மினி இந்தியா' என்று எழுதியிருக்கும். சீஃப் கெஸ்ட் யாராவது வருவார், ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி போட்டோ எடுப்பார், கண் கலங்குவார், போய்விடுவார். அதற்குப் பிறகு நாங்கள் தோற்போம்.

ராஞ்சி பெண் நன்றாக ஓடுவாள். மற்ற மூவரும் நல்ல பிள்ளைகள். பந்து வந்தால் மட்டும் பயம். ஓரளவு ஆடத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். இரண்டு பேரும் தமிழ். அதுதான் பிரச்சினை.

ஒருத்தி நான். இன்னொருத்தி கச்சால்காரி. அவள் தாத்தா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். சுனாமிக்குப் பிறகு அவள் அப்பா போர்ட் பிளேருக்கு வந்து கூலி வேலை பார்த்தார். அவள் உயரம். கையைத் தூக்கினால் வளையத்துக்கு ஒரு முழம்தான் மிச்சம் இருக்கும். பலகையில் பட்டுத் திரும்புகிற பந்து அவளைத் தேடி வரும். எனக்கு ஐந்தடி. பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தெரியும். கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான் உள்ளே போனால் வெளியே உட்கார்ந்திருப்பாள்.

ஆளுக்குப் பாதி ஆட்டம் என்று முடிவு செய்திருந்தார்கள். முதல் பாதி நான், இரண்டாம் பாதி அவள். நான் ஏன் முதலில் என்றால், தமிழ் கமிட்டிக்காரர் எங்கள் அப்பாவுக்கு ஊர்ப்பக்கம். ராமநாதபுரம். பஜாரில் பாத்திரக்கடை. நான் மாமா என்று கூப்பிட வேண்டும்.

இரண்டாவது வருஷப் போட்டிக்கு மெயின்லேண்டிலிருந்து ஒரு செலக்டர் வருவதாகச் சொன்னார்கள். விளையாட்டு ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கிறவர். எடுத்தால் சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கே. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மேட்ச்சைப் பார்ப்பார். ஆனால் மதியத்துக்கு முன்னாலேயே அவருக்கு ஃபிளைட். அதனால் பாதி ஆட்டம் வரைதான் இருப்பார். முதல் பாதி.

சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்து கோச் சார் இதைச் சொன்னார். அவர் ஷிப்பிங் ஆபீஸில் கிளார்க். லிஸ்டை ஆபீஸ் ஃபைல் மாதிரி கையில் வைத்திருப்பார். கச்சால்காரி தரையில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டினாள். தண்ணீர் டேங்க் பக்கத்தில் நான் போய்க் கேட்டேன்.

"என்னாடி?"

"என்னாத்துக்கு கேக்குற? ஒனக்கென்ன, நீதான் மொதல்ல போற."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ல."

"அடுத்த வருஷம் வயசு தாண்டிரும். அப்பாவும் கச்சாலுக்கே போவோம்னு சொல்லிட்டாரு. அடுத்த மாசம் கப்பல்."

"அங்க கிரவுண்டு இல்லியா?"

"அங்க தென்ன மரம் இருக்கு. அதுல வளையம் கட்டிக்கிறேன். போடி."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

கோச்சிடம் போனேன். "சார், நாளைக்கு நான் ரெண்டாவது ஹாஃப் ஆடுறேன். அவ முதல்ல ஆடட்டும்."

"லிஸ்ட் ஃபைனல்மா. அஞ்சு பேரும் சைன் போட்டாச்சு."

"மாத்தி எழுதுங்க சார்."

"மாத்தினா அஞ்சு பேர்கிட்டயும் திரும்ப சைன் வாங்கணும். ஒருத்தர் டிக்லிப்பூர் போயிருக்கார்."

தீவின் வடக்குக் கோடியில் இருக்கிற டிக்லிப்பூருக்குப் போனவர் திரும்பி வர இரண்டு நாள் ஆகும். ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒருத்தரின் கையெழுத்துக்காக டிக்லிப்பூரில் காத்திருந்தது. கோச் நல்லவர்தான். நல்லவர்களால் எனக்கு ஒரு காரியமும் ஆனதில்லை.

பாத்திரக்கடைக்குப் போனேன். மாமா குக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அது சிலோன்காரவுக புள்ள தாயி. நம்ம சங்கத்துல மெம்பரு கூட கிடையாது. நம்ம ஊரு பேரச் சொல்ல நீ இருக்கேல்ல?"

"அவதான் மாமா நல்லா ஆடுவா."

"ஆட்டம் கெடக்கு. ஆடுறது யாருன்னு நாலு பேரு பாக்கணும்ல? போ, போயி நல்லா சாப்ட்டுத் தூங்கு."

அவர் பாஸ்கெட்பால் முழுதாக ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. கூடைக்கு ஏன் அடியில் ஓட்டை வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை என்னிடமே கேட்டார்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. செலக்டர் தொப்பி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி. அவரைச் சுற்றிக் கமிட்டி. அவருக்கு இளநீர் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் இன்னொன்று கொடுத்தார்கள். கச்சால்காரி பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஐந்து ஃபவுல் செய்தால் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். திரும்ப வர முடியாது. இது ஒன்றுதான் கமிட்டி கையெழுத்து இல்லாமல் நடக்கிற விஷயம். ஷூ கயிறு கட்டும்போது இது எனக்குத் தோன்றியது.

விசில் அடித்தார்கள். எதிர் டீம் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். மணிக்கட்டில் அடித்தேன். ஒன்று. அடுத்து அவள் போடக் குதித்தாள், இடித்தேன். இரண்டு. மூன்றாவதற்கு ஜெர்சியைப் பிடித்து இழுத்தேன்.

"தூ பாகல் ஹை க்யா?" என்றாள் அந்தப் பெண். பைத்தியமா என்று கேட்டதில் தப்பில்லை. அவளுக்கு நான் ஒரு பாவமும் செய்திருக்கவில்லை, அதுவரை.

மூன்று ஃபவுல் ஆனதும் எந்தக் கோச்சும் ஆளை வெளியே கூப்பிட்டுவிடுவான். அப்படிக் கூப்பிட்டிருந்தால் இரண்டு ஃபவுல் எனக்கு மிச்சமாகியிருக்கும். எங்கள் கோச் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி ஆட்டம் முடியவில்லை. லிஸ்டில் பாதி என்று போட்டிருக்கிறது. "ஆராம் சே! ஆராம் சே!" என்று கத்தினார். மெதுவாக ஆடு என்றார். நான் மெதுவாகப் போய் நாலாவதைச் செய்தேன். ஐந்தாவதற்கு அந்தப் பெண்ணே என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனாள். துரத்திப் பிடித்தேன்.

ரெஃப்ரி ஐந்து விரலையும் காட்டினார். ஐந்து நிமிஷம் கூட ஆகியிருக்காது.

நான் பெஞ்சுக்கு வந்தேன். கச்சால்காரி துண்டை எறிந்துவிட்டு எழுந்தாள். ஆனால் கோச் அவளை உள்ளே அனுப்பவில்லை. கமிட்டியைத் திரும்பிப் பார்த்தார். ஃபவுலில் ஒருத்தி போனால் என்ன செய்வது என்று லிஸ்டில் இல்லை.

கமிட்டி எழுந்து நின்றது. பெங்காலிக்காரர், மிட்டாய்க்கடை வைத்திருப்பவர், சட்டம் பேசினார். "தமிழோட முதல் பாதி கதம். இரண்டாம் பாதி வரைக்கும் அந்த இடம் காலி. எங்க பெண் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருக்கா, அவ போகட்டும்."

மாமாவுக்கு மூக்கு சிவந்தது. நேற்று சங்கத்தில் மெம்பர் இல்லை என்றவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அதெப்புடி? அது தமிழ் எடம்! நம்ம புள்ளதான் போகணும்! ஏ தாயி, எந்திரி, எந்திரி! நெட்டையா இருக்கே, ஒன்னையத்தான்!"

அவள் பெயர் அவருக்குத் தெரியாது.

"அரே பாய், ரூல்..."

"என்ன ரூலு? ஜெர்சி யாரு குடுத்தது?"

இப்படி இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்க, ரெஃப்ரி விசிலை ஊதி, ஆள் அனுப்புகிறீர்களா அல்லது நாலு பேரை வைத்து ஆடுகிறீர்களா என்று இந்தியில் கத்தினார். செலக்டர் வாட்சைப் பார்த்தார். கோச் கண்ணை மூடிக்கொண்டு கச்சால்காரியின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். இரண்டு வருஷத்தில் அவர் சொந்தமாக எடுத்த ஒரே முடிவு அதுதான். அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தார்.

அவள் உள்ளே போனாள். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அவள் ஆடுவதை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அவளுடைய பாதியில் நான் எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பலகையில் பட்ட பந்தை எல்லாம் எடுத்தாள். எடுத்ததை ராஞ்சி பெண்ணிடம் எறிந்தாள். அவள் ஓடினாள். தண்ணீர் நிற்கிற பக்கத்து வளையத்துக்குக் கீழே, வழுக்குகிற இடத்தில், கச்சால்காரி நின்ற காலோடு போட்டாள். நாங்கள் தினமும் வழுக்கி விழுந்த இடம் அது. வந்த டீமுக்கு அங்கே எப்படி நிற்பது என்று தெரியாது.

செலக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். இளநீரைக் கீழே வைத்தார். ஒரு சின்ன நோட்டில் எழுதினார். பாதி ஆட்டம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அவளிடம் போய் வயது கேட்டார். பெயரைக் கேட்டார். பிறகு ஜீப்பில் ஏறிவிட்டார்.

மேட்ச்சில் தோற்றோம். அதில் மாற்றம் இல்லை.

இரண்டு வாரத்தில் அவளுக்கு ஹாஸ்டலிலிருந்து கடிதம் வந்தது. கமிட்டி மேடை போட்டது. மாமா மைக்கைப் பிடித்து, "எங்க சங்கத்துப் புள்ள" என்று மூன்று தரம் சொன்னார். சால்வை போர்த்த எட்டாமல் நாற்காலி கேட்டார். அதே மேடையில் அடுத்த சீசனுக்கான லிஸ்டைப் படித்தார்கள். ஒழுங்கீனம் காரணமாக என்னை நீக்கியிருந்தார்கள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த முறை யாரும் டிக்லிப்பூர் போகவில்லை. தமிழ் இடத்துக்கு மாமாவின் தம்பி மகள் வந்தாள். நகம் வளர்ப்பவள். பந்து வந்தால் உள்ளங்கையைத் திருப்பிக்கொள்வாள். போட்டோவில் நன்றாக இருப்பாள்.

நான் பிறகு ஆடவில்லை. பத்தாவதும் தாண்டவில்லை. இப்போது சிப்பிகாட் என்கிற ஊரில் ஒரு பண்ணையில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அந்த டீம் இன்னும் இருக்கிறது. பேனர் புதிது. போன மாதமும் தோற்றார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கச்சால்காரியின் அப்பாவும் அம்மாவும் அந்த வருஷம் கச்சாலுக்குக் கிளம்பியது ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து. ஹாஸ்டலுக்குப் போக அவளுடைய கப்பல் அதற்கு நாலு நாள் கழித்து. அவர்களை வழியனுப்ப நானும் போனேன். கப்பலில் பாய், பக்கெட், ஒரு தையல் மெஷின் எல்லாம் ஏற்றினோம். அவள் அம்மா ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்க்காமல் தையல் மெஷினையே பிடித்துக்கொண்டிருந்தார். கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பல் திரும்பியது. அவள் கையை ஆட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு என்னாடி கிறுக்குப் புடிச்ச மாதிரி ஆடுன? கையிலயும் மேலயும் அடிச்சிக்கிட்டு."

"கால் வழுக்கிருச்சு."

"அஞ்சு தரமா?"

நான் குனிந்து செருப்பு வாரை மாட்டினேன்.

"ஒழுங்கா ஆடியிருந்தீனா அன்னைக்கு ஜெயிச்சிருப்போம்" என்றாள். நிஜமான கோபம்.

"எப்புடி? நான் ஒழுங்கா ஆடுனா நீ வெளியிலதானே இருந்திருப்ப."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கப்பலைப் பார்த்தாள். அது சின்னதாகிவிட்டிருந்தது.

"பசிக்குதுடி" என்றாள். துறை வாசலில் சமோசா வாங்கித் தின்றோம்.